முடிச்சு அவிழாமல் சரிந்த சாரம்

"மேடம், இது வீட்டுக்குக் கட்டின சாரமா, வீட்டுக்குத் தைச்ச சட்டையா?"

பக்கச் சந்தில் சரிந்து கிடந்த மரக்கம்புகளை ஒரு தரம் சுற்றி வந்துவிட்டு குச்சி இப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. ஒவ்வொரு கம்பிலும் நீலச் சாக்கட்டியால் எழுதியிருந்தது. ஒன்றில் ‘இடது கை’, இன்னொன்றில் ‘வலது கை’. மேலே குறுக்காகக் கட்டியிருந்ததில் ‘தோள்’. ஏறி நின்று வேலை செய்யப் போட்ட பலகையின் ஓரத்தில் ‘காலர், கவனம்’.

"வீட்டுக்காரர் தையற்காரர்டா," என்றார் டிக்கெட் மேடம். "கொத்தனார் கட்டினா சாரம் மாதிரி கட்டியிருப்பார். இவர் அளவெடுத்துக் கட்டியிருக்கார்."

"போட்டுப் பாக்கும்போதே கிழிஞ்சு போச்சு போல."

டிக்கெட் மேடம் ஆயுளில் பாதியை ரயிலில் டிக்கெட் பரிசோதகராகக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு, பொய் சொல்கிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் ஒரு வாரம்கூட வீட்டில் உட்கார முடியவில்லை. துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். குச்சி அவர் பிடித்த கடைசி ஓசிப் பயணி. ஒட்டடை அடிக்க ஏணி தேவைப்படாத உயரம், ஏணியைப் பார்த்தாலே வெடவெடக்கும் கால்கள். வயது முப்பதைத் தாண்டியும் வாய் மட்டும் அடங்கவில்லை. அபராதத்துக்குப் பதிலாக எடுபிடி வேலைக்கு வந்தவன் அப்படியே உதவியாளனாக ஒட்டிக்கொண்டான்.

தையற்காரரின் மனைவி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர்களை வரவழைத்தவள் அவள்தான்.

"நேத்து காலைல விழுந்தார் மேடம். மணல் குவியல் மேல விழுந்ததால தப்பிச்சார். கால் எலும்பு மட்டும் உடைஞ்சிருக்கு."

"மேலே என்ன வேலை?"

"மாடி ரூம் சுவத்துல விரிசல். மழை பேஞ்சா உள்ள ஒழுகுது. ஆளைக் கூப்பிடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கோட்டு தைக்கிறவனுக்கு நாலு கம்பைச் சேர்த்துக் கட்டத் தெரியாதான்னு அவரே இறங்கிட்டார்."

"மாடி ரூம்ல யாரு இருக்கா?"

"என் தம்பி." அவள் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "அவன்தான் உள்ளேயிருந்து கயித்தை அவுத்து விட்டுட்டான்னு சொல்றார். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அவன் வீட்டை விட்டுப் போயிடணுமாம். இல்லேன்னா போலீஸ்ல எழுதிக் குடுப்பாராம். ஒருத்தர் கட்டிக்கிட்டவர், ஒருத்தன் கூடப் பொறந்தவன். நான் எந்தப் பக்கம் மேடம் நிக்கிறது? அப்பா அம்மா போனதுக்கப்புறம் அவனுக்குன்னு போக வேற இடமே கிடையாது."

குச்சியின் நாக்கு நுனி வரை வந்த கிண்டல் அங்கேயே நின்றுவிட்டது. அவனுக்கும் ஒரு அக்கா இருந்தாள்.

"இன்னொண்ணு," என்று அவள் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள். "தம்பி மாடில தூங்கிட்டு இருந்தேன்னு சொல்றான். ஆனா சாரம் விழுந்தப்போ அவன் தெருக் கேட் வழியா மூச்சு வாங்க ஓடி வந்ததை நான் பாத்தேன். அவர்கிட்ட இதைச் சொல்லல. சொன்னா, அவுத்து விட்டுட்டு வெளியே ஓடி நல்லவன் மாதிரி திரும்பி வந்தான்னு அதையும் அவன் தலைல கட்டிடுவார்."

தையற்காரர் முன்னறையில் மாவுக்கட்டுப் போட்ட காலைத் துணி மூட்டை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த நிலையிலும் கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"திருடனைக்கூட மன்னிச்சிடுவேன் மேடம். சோறு போட்ட வீட்டுக்கே குழி பறிக்கிறவனை மன்னிக்க மாட்டேன்."

"அது இருக்கட்டும். சாரத்துக்கு மூலைக்கு மூலை சாய்வா ஒரு கம்பு கட்டுவாங்களே, அது ஏன் கட்டல?"

"சட்டைக்கு யாராவது சாய்வாத் தையல் போடுவாங்களா?"

"சட்டை மேல யாரும் ஏறி நிக்க மாட்டாங்க," என்றான் குச்சி.

தையற்காரர் அவனை மேலிருந்து கீழ்வரை அளவெடுத்தார். அளவெடுத்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "வெளிப்பக்கக் கால் ரெண்டும் பூச்செடி மண்ணுல நிக்குது தம்பி. பொதபொதன்னு இருக்கும். கீழ்த் தட்டுல வேலை பாக்குற வரைக்கும் ஒரு பயமும் இல்ல. மேல் தட்டுக்கு ஏறினா வெளிய சாயும்னு எனக்கும் தெரியும். அதுக்குத்தான் முந்தாநாள் சாயங்காலமே தோளுல கயிறு கட்டி, மாடி ஜன்னல் வழியா உள்ள விட்டுக் கட்டி வெச்சேன்."

"உள்ள எதுல கட்டினீங்க?" மேடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

தையற்காரரின் கை அளவு நாடாவுக்குப் போனது. "ஜன்னல் கொக்கில."

"நீங்க ஏறும்போது உங்க மச்சான் எங்க இருந்தான்?"

"கட்டில்லதான். மேல் பலகைக்குப் போனதும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கிட்டேன். தலையோட கால் இழுத்துப் போத்திக்கிட்டுக் கிடந்தான். அப்புறம்தான் பூச்சுக் கரண்டியையே கைல எடுத்தேன். கொஞ்ச நேரம் பூசியிருப்பேன். விரிசலோட கோடிக்கு எட்டிப் பூசலாம்னு லேசாச் சாய்ஞ்சேன். சாரம் மொத்தமும் ஆடுச்சு. கயிறு என் மூக்குக்கு முன்னால ஜன்னல் வழியா வெளிய பறந்து வருது! ரூம்ல இருந்தவன் அவன் ஒருத்தன். அவுத்தது வேற யாரு, பேயா?"

மேடம் எழுந்து வெளியே நடந்தார். சந்துக்கு வந்ததும் குச்சியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்ணு கவனிச்சியா? சாரத்துல ஏறினவன் சுவத்தைப் பாப்பான். பயந்தவனா இருந்தா தரையைப் பாப்பான். இவர் எதுக்கு மச்சான் தூங்குறானான்னு பாத்தார்?"

"பொறாமையா இருக்கும் மேடம். நான் வேலை செய்யும்போது வேற யாராவது தூங்கினா எனக்கும் எரியும்."

"உனக்கு அந்த அனுபவம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு மேடம் கம்புகளுக்கு நடுவே குனிந்தார்.

கயிறு கிடந்தது. ஒரு நுனி ‘தோள்’ என்று எழுதிய கம்பில் கட்டியபடியே இருந்தது. மறு நுனியைக் குச்சி கையில் எடுத்தான். அந்த நுனியில் ஒரு வளையம், வளையத்தின் கழுத்தில் சுண்டைக்காய் அளவுக்கு இறுக்கமான முடிச்சு. முடிச்சு நழுவிவிடக் கூடாது என்று அதன்மேல் கறுப்பு நூலால் நெருக்கமாகத் தையல்வேறு போட்டிருந்தது. உலகத்தில் எந்தச் சாரக்காரரும் முடிச்சுக்குத் தையல் போட்டதாகக் குச்சி கேள்விப்பட்டதில்லை.

"மேடம், முடிச்சு கல்லு மாதிரி அப்படியே இருக்கு. ஒரு தையல்கூடப் பிரியல."

"கயிறு?"

"அறுபடவும் இல்ல."

"அப்ப யாரும் அவுக்கல, யாரும் அறுக்கல. ஆனா கழண்டு வந்திருக்கு." மேடத்தின் முகத்தில், மூடியிருக்கும் கழிவறைக் கதவுக்குப் பின்னால் டிக்கெட் இல்லாத ஆள் இருக்கிறான் என்று தெரிந்துகொண்ட சந்தோஷம் பரவியது. "வளையத்துக்குள்ள கையை விட்டுப் பாரு."

குச்சியின் கை மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை தாராளமாகப் போனது. வெளியே எடுத்தபோது விரலில் பச்சைப் பெயிண்ட் தூள் ஒட்டியிருந்தது.

"பச்சையா எது இருக்கோ, அதுதான் நம்ம ஆளு," என்றார் மேடம். "கம்புல இருக்கிற நுனியை அவுத்துக் கயித்தை எடுத்துக்கிட்டு வா மேல."

மாடி அறையில் அந்தத் தம்பி ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தான். வாட்டசாட்டமான ஆள். வீட்டில் எல்லோரும் அவனைப் ‘போர்வை’ என்றுதான் கூப்பிடுவார்கள். சூரியன் உச்சிக்குப் போகிற வரை அவனைப் போர்வையாகத்தான் பார்க்க முடியும் என்பதால் வந்த பெயர். நான்கு இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, நான்கிலும் தாமதமாகப் போய்ப் போய் விரட்டப்பட்டவன். உறவுக்காரர் யார் வந்தாலும் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பார்கள்.

மேடம் முதலில் ஜன்னலுக்குப் போனார். கம்பி இல்லாத மர ஜன்னல். பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கி. கொக்கிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சிலந்தி நிம்மதியாகக் குடியிருந்தது. வலையில் ஓர் இழைகூட அறுபடவில்லை.

"சாரம் விழும்போது எங்கப்பா இருந்தே?"

"இங்கதான் மேடம். தூங்கிட்டு இருந்தேன்."

"நல்ல தூக்கமா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி." சொல்லும்போதே அவன் முழுக்கைச் சட்டையின் இடது கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

குச்சி இதற்குள் வளையத்தைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பெண் தேடுகிற மாதிரி அறை முழுக்க அலைந்தான். மேசைக் கால் பருமன் அதிகம். நாற்காலி பிளாஸ்டிக். அலமாரிக்குக் காலே இல்லை. கடைசியில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். பழைய இரும்புக் கட்டில். நான்கு காலிலும் பச்சைப் பெயிண்ட். ஜன்னல் பக்கத்துக் காலில் மட்டும், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் பெயிண்ட் உரிந்து இரும்பு பளிச்சிட்டது.

"பொருத்தம் பிரமாதம் மேடம்!" என்று கத்தினான். "கொக்கியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கட்டில் கால்லதான் மாட்டியிருக்கார். முடிச்சை அவுக்கவே வேண்டாம். கட்டிலை லேசாத் தூக்கினாப் போதும், வளையம் அடி வழியா கழண்டு வந்துடும். அதைத் தூக்க இந்த ரூம்ல ஆள் வேணும். இருந்த ஆள்…"

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் போர்வையின் அக்கா நிற்பதைப் பார்த்துவிட்டான். தன் புத்திசாலித்தனத்தை அவன் அவ்வளவு வெறுத்தது அதற்கு முன் இல்லை. அவள் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, சத்தியமா நான் அந்தக் கயித்தைப் பாக்கவே இல்லக்கா," என்றான் போர்வை.

"சாரம் விழுந்தப்புறம் கட்டில் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் மேடம்.

"ஜன்னலை ஒட்டி. அக்கா பெருக்கும்போது தள்ளியிருப்பாங்கன்னு நினைச்சு நான்தான் பழைய இடத்துல போட்டேன்."

மேடம் தரையைக் காட்டினார். சிமெண்ட்டில் ஜோடியாக இரண்டு புதுக் கீறல்கள், கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நேராகப் போயிருந்தன.

"எழுந்திரும்மா," என்றார் அக்காவிடம். "அழறதுக்கு இன்னும் நேரம் வரல. கயித்தோட மறு நுனியை ஜன்னல் வழியா விடுறேன், கீழ போய் அதைப் பிடிச்சு உன் பலம் முழுசும் போட்டு இழு. குச்சி, நீ வளையத்தைக் கால்ல மாட்டிட்டுக் கட்டில்ல படு."

"தூங்கணுமா மேடம்?"

"உன் திறமையெல்லாம் காட்ட வேண்டாம். படுத்தாப் போதும்."

வேலை நேரத்தில் மேலதிகாரி உத்தரவு போட்டுப் படுப்பது குச்சிக்கு இதுதான் முதல் தடவை. காலை நீட்டினான். கட்டிலுக்கு வெளியே முழங்கால் வரை நீண்டது. கயிறு ஜன்னல் விளிம்பில் உரசி விறைத்தது. கீழே அக்கா இழுக்கிற முக்கல் கேட்டது. கட்டில் அசைய மறுத்தது.

"இப்ப எழுந்திரு."

குச்சி எழுந்து தள்ளி நின்றான். அவ்வளவுதான். காலியான கட்டில் கிறீச்சென்று கத்திக்கொண்டு அதே கீறல்களின் மேல் ஓடி ஜன்னல் சுவரில் மோதியது. கயிறு ஜன்னல் விளிம்புக்கு மேலேறி இழுத்ததால் முன்கால் தரையை விட்டு எழும்பியது. வளையம் அடி வழியாக நழுவி, ஜன்னலைத் தாண்டி வெளியே பறந்தது. கீழே அக்கா பொத்தென்று மணலில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"அவர் எதுக்கு எட்டிப் பாத்தார்னு இப்பப் புரியுதா?" என்றார் மேடம்.

குச்சி வாயைப் பிளந்தான். "கனம் இருக்கான்னு பாத்திருக்கார்! மச்சானையே எடைக்கல்லா…"

"ஆமா. இந்தக் கட்டில்ல ஆள் இருந்திருந்தா சாரம் சரிஞ்சிருக்காது. சரிஞ்சுச்சு. அதனால," மேடம் போர்வையின் பக்கம் திரும்பினார், "நீ இங்க தூங்கல. ஓடுற ரயில்ல டிக்கெட் வாங்காதவன் எல்லாரும் தூங்குற மாதிரி நடிப்பான். இதோ நிக்கிறானே, இவன் குறட்டைகூட விட்டான். ஆனா கட்டில்லயே இல்லாதவன் தூங்கினேன்னு சாதிக்கிறதை நான் இப்பத்தான் பாக்குறேன். சட்டைக் கையைச் சுருட்டு."

போர்வை தயங்கித் தயங்கிச் சுருட்டினான். முன்கையில் சூட்டுக் கோடுகள் வரிவரியாக இருந்தன. சில பழசு, ஒன்று புதுசு.

"தட்டோட விளிம்பு பட்ட சூடு. காது மடிப்புல வெள்ளை மாவு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்புக்குள்ள கை விடுற வேலை எது குச்சி?"

"பேக்கரி!"

போர்வையின் பெரிய உடம்பு கட்டிலில் தொப்பென்று அமர்ந்தது. "எத்தனை நாளைக்கு முடியுதுன்னு பாக்கலாம்னு முதலாளி சொல்லியிருக்கார் மேடம். நாளைக்குத்தான் நிச்சயமாத் தெரியும். இதுவும் போச்சுன்னா, அஞ்சாவதுன்னு எண்ணிச் சிரிப்பாங்க. அதான் யாருக்கும் சொல்லல. இருட்டுல, விளக்குப் போடாம எழுந்து போவேன். தலையணை ரெண்டைப் போட்டுப் போர்வையை மூடிட்டுப் போவேன். கால்ல கயிறு இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

கீழே தையற்காரருக்கு முன்னால் எல்லோரும் வந்து நின்றார்கள். மேடம் ஒரு வார்த்தையும் கூட்டாமல் நடந்ததைச் சொன்னார். கொக்கியில் சிலந்தி வலை என்றபோது தையற்காரரின் கண் கீழே போனது. தலையணை என்றபோது அவர் நிமிர்ந்தார்.

"தலையணையா? நான் தலையணையை நம்பியா மேல ஏறினேன்?"

"கொக்கின்னு ஏன் சொன்னீங்க?" என்று அவர் மனைவி கேட்டாள். முதல் தடவையாக அவள் குரலில் கோபம் இருந்தது.

"வேற என்னடி சொல்லச் சொல்றே? மாடில கனமா என்ன இருக்குன்னு தேடினேன். இவனை விட்டா ஒண்ணும் இல்ல. மச்சான் மேல கயிறு கட்டிட்டு ஏறினேன்னு வெளிய சொன்னா ஊரே கைகொட்டிச் சிரிக்காது? இவன் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எழுந்ததா சரித்திரமே கிடையாது. எது மாறினாலும் அது மட்டும் மாறாதுன்னு நினைச்சேன். உசிரையே அதுலதானேடி கட்டி வெச்சேன்!"

போர்வை மெதுவாக அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்னை நம்பியா அத்தான் ஏறினீங்க?"

தையற்காரர் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"இந்த வீட்ல என்னை நம்பி யாரும் பாலைக்கூட அடுப்புல வைக்க மாட்டாங்க," என்றான் போர்வை. அவன் கண்கள் நிறைந்துவிட்டன. "நீங்க விழுந்துட்டீங்களே அத்தான். நான் தூங்கியிருக்கணும். ஒரே ஒரு நாள் தூங்கியிருக்கணும்."

குச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த மாதிரி நேரத்தில் தன் முகம் என்ன செய்யும் என்று அவனுக்கே தெரியாது.

தையற்காரர் மைத்துனனின் கையை இழுத்துச் சூட்டுக் கோடுகளைப் பார்த்தார். கோட்டுத் துணியில் நெசவுப் பழுது தேடுகிற அதே கவனத்தோடு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மனைவியை நிமிர்ந்து பார்க்காமல், "மருந்து எடுத்துட்டு வா," என்றார்.

"அத்தான், பை கட்டி வெச்சுட்டேன். சாயங்காலத்துக்குள்ள போகச் சொன்னீங்களே…"

"சாயங்காலம் வேண்டாம்," என்றார் தையற்காரர். குரலைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார், முடியவில்லை. "விடியக்காலைல போ. விளக்கைப் போட்டுட்டே போ. வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வந்துடு."